கொலைக்குக் குடைபிடிக்கும் சொற்கள்

(குந்தாரப்பள்ளிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

குந்தாரப்பள்ளி எல்லைப்புறத்து ஊர். நம் வாயிலில் ஓடும் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் சென்றால் கிருட்டிணகிரி. மறுபக்கம் சென்றால் ஒசூர், அதனைத் தாண்டினால் கருநாடகம். இங்குக் கூடும் கிழமைச் சந்தையில் ஆடு விற்பவர் தமிழ் பேசுவார்; வாங்க வந்தவர் கன்னடம் பேசுவார்; இடையில் நிற்கும் தரகர் தெலுங்கையும் சேர்த்து மூன்றும் பேசுவார். சந்தைத் தரகர்கள் விலைபேசும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். இருவர் கைகளின் மேலும் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடித்திருப்பார். உண்மையான விலை விரலில் இருக்கும்; ஊரார் காதில் விழுவதோ ஊர்க்கதை மட்டுமே.

சந்தையில் இதனால் எவர் உயிருக்கும் கேடில்லை. ஆனால் ஆட்சியில் இருப்பவரும், ஆட்சிக்கு வரத் துடிப்பவரும், மக்கள் நம்பிக் கைதட்டும் தலைவரும் இப்படித் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசினால் அங்கே விலை போவது ஆடன்று, மாந்தர் தலை. வாய் அமைதியைப் பேசும். விரல் 'அடி' என்று சொல்லும். அடித்தவன் சிறைக்குப் போவான், அல்லது போகாமலே தப்பிப்பான். விரல் பிடித்தவரோ மறுநாள் மாலை வாங்கிக்கொள்வார். அந்தத் துண்டை விலக்கிக் காட்டுவதே இன்று என் பேச்சின் நோக்கம்.

குற்றமறியாப் பொதுமக்களைக் கொன்றும் கொளுத்தியும், அவ்வச்சத்தால் ஓர் இனத்தையோ ஓர் ஊரையோ பணிய வைக்கும் செயலை நாளிதழ்கள் 'பயங்கரவாதம்' என்று எழுதுகின்றன. அதனை வன்கொடுமை என்று நாம் சொல்லுவோம். வன்கொடுமையைச் செய்யும் கைகள் சிலவே. அக்கைகளுக்கு முன்கூட்டியே வழிவெட்டிக் கொடுக்கும் சொற்களும், செயல் முடிந்தபின் குருதியைக் கழுவிவிடும் சொற்களும் பல. முன்னது ஏவும் சொல். பின்னது பழி துடைக்கும் சொல். கத்தி பிடித்தவன் ஒருமுறைதான் கொல்கிறான். அவன் செய்தது சரியென்று பெரிய மனிதர் ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த கொலைக்கு ஆயிரம் பேர் அணியமாகி விடுகிறார்கள். ஆகவே பழி துடைக்கும் சொல்லே அடுத்த முறைக்கு ஏவும் சொல்லாக மாறுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. இந்தச் சாலையே சான்று சொல்லும்.

1991 சூன் 25ஆம் நாள் காவிரி நடுவர் மன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி., அஃதாவது 20,500 கோடிக் கன அடி நீர், மேட்டூருக்கு வந்து சேருமாறு கருநாடகம் திறந்துவிட வேண்டும் என்பது அவ்வாணை. அன்றைய கருநாடக முதலமைச்சர் பங்காரப்பா அதனை ஏற்க மறுத்தார். மறுப்பதும் மேல்முறையீடு செய்வதும் ஓர் அரசுக்குரிய உரிமை. அதனை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் அரசு சூலை 25இல் ஆணையையே செல்லாததாக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நயன்மன்றம் நவம்பர் 22இல் கூறிவிட்டது. திசம்பரில் நடுவண் அரசு ஆணையை அரசிதழில் வெளியிட்டது. உடனே முழு அடைப்பு. கன்னட இயக்கத் தலைவர் வாட்டாள் நாகராசு அறிவித்த அவ்வடைப்புக்கு ஆளுங்கட்சியின் மறைமுக அரவணைப்பு இருந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. திசம்பர் 12, 13 ஆகிய நாள்களில் பெங்களூர் எனப்படும் வெங்காலூரிலும் மைசூர்ப் பகுதிகளிலும் தமிழர் குடிசைகள் எரிந்தன. தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. அரசுக் கணக்கிலேயே பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரவர் பெட்டி படுக்கையோடும், அதுவும் இல்லாமலும், எல்லை தாண்டித் தமிழகத்துக்குள் ஏதிலிகளாய் வந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் நம் வாயில் வழியேதான் வந்தனர். அன்று சோறாக்கிப் போட்ட கைகள் இந்த அவையிலும் இருக்கலாம்.

எண்ணிப் பாருங்கள். வழக்கு இரண்டு அரசுகளுக்கு இடையே. வழக்கின் பொருள் ஓர் ஆற்றின் நீர். வெங்காலூரில் கல்லுடைத்தும், கட்டடத்தில் சாந்து சுமந்தும், காய்கறி விற்றும் பிழைத்த தமிழனுக்கு அந்த நீரில் ஒரு குடம் கூடப் பங்கில்லை. அவன் குடித்ததும் கருநாடகத்துக் குழாய் நீரையே. அப்படியிருக்க, அவன் எவ்வாறு பகைவன் ஆனான்? ஒரே ஒரு சொல் அவனைப் பகைவன் ஆக்கியது. 'அரசுக்கும் அரசுக்கும் வழக்கு' என்று சொல்ல வேண்டிய பொறுப்புடைய வாய்கள் 'அவர்களுக்கும் நமக்கும் போர்' என்ற பொருள்படப் பேசின. 'அவர்கள்' என்ற சொல்லுக்குள் மேட்டூர் அணையும், சென்னை அரசும், தெருவோரத்தில் கீரை விற்ற கிழவியும் ஒன்றாய் அடைக்கப்பட்டனர். அணை தொலைவில் இருந்தது. அரசு அதனினும் தொலைவில் இருந்தது. கிழவி கைக்கெட்டும் தொலைவில் இருந்தாள்.

அந்தத் தீ ஒரு துளி நீரையாவது கூட்டியதா, குறைத்ததா? 2007 பிப்பிரவரி 5இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு, எல்லையில் தமிழகத்துக்குத் தரவேண்டியது 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்பிரவரி 16இல் உச்ச நயன்மன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. அக்குறைப்பு நமக்கு வருத்தம் தருவதே. ஆனால் அவ்வெண்களை மாற்றியது மன்றம். எரிந்த குடிசைகளுள் ஒன்றும் அன்று.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் மீண்டும் அதே தீ எழுந்தது. வெங்காலூரில் ஒரே நிறுத்தகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. தமிழிளைஞன் ஒருவனை அடித்து மண்டியிட வைத்துப் படம் பிடித்துப் பரப்பினர். பல நாள் வண்டிகள் எல்லை கடக்கவில்லை. குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியிலிருந்து சூசூவாடிக்கு மக்கள் கால்நடையாய் நடந்ததை ஒசூரார் அறிவர். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் புதிய தலைமுறையே வந்துவிட்டது; பழைய சொற்கள் மட்டும் மாறவில்லை. 'மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள்', 'உணர்ச்சியை யார் தடுக்க முடியும்' என்னும் பேச்சே மீண்டும் கேட்டது.

இதுவரை நான் பேசியதற்குக் கைதட்டினீர்கள். இனிச் சொல்வதற்கும் செவி கொடுங்கள். அதே 2016 செப்டம்பரில் சென்னையில் கன்னடர் உணவு விடுதி ஒன்றின் மீது தீக்குண்டு வீசப்பட்டது. இராமேசுவரத்தில் கருநாடக ஊர்தி ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார். அங்கே எரிந்ததன் அளவுக்கு இங்கே நிகழவில்லை என்பது உண்மை. அந்த வேறுபாட்டை நாம் உரக்கச் சொல்லலாம். ஆனால் நம்மவர் சிலர் அன்று என்ன சொன்னார்கள்? 'தமிழனுக்கும் சூடு சுரணை உண்டு', 'வினைக்கு எதிர்வினை' என்று சொன்னார்கள். அந்த ஓட்டுநரும் காவிரியில் ஒரு குடம் நீரைத் தேக்கி வைத்திருந்தவர் அல்லர். வெங்காலூரில் கீரைக்காரி நமக்காகச் சாக வேண்டியதில்லை என்றால், இராமேசுவரத்தில் ஓட்டுநர் அவர்களுக்காக அடிபட வேண்டியதும் இல்லை. அளவில் வேறுபாடு, சொல்லில் வேறுபாடில்லை.

'எதிர்வினை' என்னும் இச்சொல்லின் வரலாறு குருதி தோய்ந்தது. நம் எல்லைக்கு வெளியே இரண்டு இடங்களில் அதனைப் பார்ப்போம்.

முதலாவது கொழும்பு. 1977 ஆகத்தில் சிங்களக் காடையர் தமிழரை வேட்டையாடியபோது, செயவர்த்தனா நாடாளுமன்றத்தில் தமிழ்த் தலைவர்களை நோக்கி, போர் வேண்டுமானால் போர், அமைதி வேண்டுமானால் அமைதி என்ற கருத்துப்படப் பேசினார். இதனைத் தாம் சொல்லவில்லை, மக்கள் சொல்கிறார்கள் என்றும் கூட்டிக்கொண்டார். 1983 சூலையில் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், யாழ்ப்பாணத்துத் தமிழரின் கருத்தைப் பற்றியோ உயிரைப் பற்றியோ தாம் இப்போது எண்ணிப் பார்க்க முடியாது என்னும்படி கூறினார். அந்த மாத இறுதியிலேயே கறுப்பு சூலை வந்தது. வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாள்களில் 53 தமிழ்ச் சிறையாளிகள் கொல்லப்பட்டனர். நாடு எரிந்துகொண்டிருந்த சூலை 28ஆம் நாள் அவர் மக்களுக்கு உரையாற்றினார். வீடிழந்த, உயிரிழந்த தமிழர்க்கு இரங்கி ஒரு சொல் அவ்வுரையில் இல்லை. நடந்ததைச் சிங்கள மக்களின் எதிர்விளைவாக விளக்கி, பிரிவினை கேட்போரைத் தடுக்கச் சட்டம் வரும் என்று அறிவித்தார். எரித்தவன் அதில் என்ன பாடம் கற்றிருப்பான்? தான் செய்தது குற்றமன்று, நாட்டுத் தொண்டு என்றே கற்றிருப்பான்.

இரண்டாவது தில்லி. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த குழுவே பின்னர்க் கணக்கிட்டது. அக்கொலைகள் நடந்து மூன்று கிழமை ஆகுமுன், நவம்பர் 19ஆம் நாள், புதிய தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி, பெரிய மரம் விழுந்தால் சுற்றியுள்ள நிலம் சற்று அதிரத்தான் செய்யும் என்று பேசினார். அந்த உவமையைக் கூர்ந்து பாருங்கள். மரம் விழுகிறது, நிலம் அதிர்கிறது. அதில் மண்ணெண்ணெய் ஊற்றியவன் எங்கே? வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்தவன் எங்கே? கைகட்டி நின்ற காவலன் எங்கே? ஒருவனும் இல்லை. கொலை, மழை பெய்வது போன்ற இயற்கை நிகழ்ச்சி ஆகிவிட்டது. மழையை யார் சிறையில் அடைப்பது?

பழி துடைக்கும் சொல்லின் இலக்கணம் இதுதான். அஃது எழுவாயை விழுங்கிவிடும். 'கொன்றான்' என்னும் தன்வினை 'கொலை நிகழ்ந்தது' என்று ஆகும். பின்னர் அதுவும் தேய்ந்து 'கொதிப்பு', 'அதிர்வு', 'எதிர்விளைவு' என்று ஆகும். செய்தவன் மறைந்தபின் செத்தவன் மட்டும் எஞ்சுவான். பிறகு, 'இவன் ஏன் செத்தான்?' என்று கேட்டு, 'இவன் இனத்தான் முன்பு ஏதோ செய்தான்' என்று விடை சொல்லி, பழியை அவன் பிணத்தின் மேலேயே ஏற்றி விடுவார்கள். தமிழ் இலக்கணம் கற்ற நமக்கு எழுவாய் இல்லாத தொடரைக் கண்டால் 'யார்?' என்று கேட்கத் தெரிய வேண்டாமா?

அரசே வன்கொடுமை செய்யும்போதும் சொற்களே அதற்கு வேலி. நம் பழைய தகடூர் மாவட்டத்து வாச்சாத்தியை மறந்துவிட முடியுமா? 1992 சூன் 20இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆள்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினர்; 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டனர். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஆட்சித் தரப்பு மறுத்தது. 'சந்தனக் கடத்தலர் ஊர்' என்ற ஒரு பெயரை ஒட்டியதும் அவ்வூர்ப் பெண்களின் ஓலம் பலர் காதில் ஏறவில்லை. 2011 செப்டம்பர் 29இல் தான், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நயன்மன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நயன்மன்றமும் அதனை உறுதி செய்தது. ஒரு பொய்ச் சொல்லை உடைக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அங்கே தமிழர்க்குக் கொடுமை செய்தவரும் தமிழரே என்பதையும் மறவாதீர்கள்.

இனி நம் வீட்டுக் குப்பையைப் பார்ப்போம். அயலான் முற்றத்தை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு இறங்கினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

2000 சூலை 30இல் கன்னட நடிகர் இராசகுமார் தாளவாடிப் பகுதியில் வீரப்பனால் கடத்தப்பட்டார். 108 நாள் காட்டில் வைக்கப்பட்டார். வீரப்பன் விடுத்த வேண்டுகோள்களில் காவிரி நீர் இருந்தது. 1991 வன்கொடுமையில் இழப்புற்ற தமிழர்க்கு ஈட்டுத்தொகை இருந்தது. வெங்காலூரில் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது இருந்தது. இவையெல்லாம் நாம் மேடைதோறும் கேட்டவை. எனவே நம்மவர் பலர் மயங்கினர். யானைகளைக் கொன்று மருப்பு விற்றவன், நூற்றுக்கும் மேற்பட்ட மாந்தரைக் கொன்றவன், திடீரென்று தமிழினக் காவலன் ஆனான்.

அந்த மயக்கத்தில் நானும் இருந்தேன். அக்காலத்தில் மேடை ஒன்றில் அவனை வானளாவப் புகழ்ந்தேன். கைதட்டல் ஓயவில்லை. கூட்டம் முடிந்து நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுகையில், முதியவர் ஒருவர் அருகில் வந்து நின்றார். 1993 ஏப்பிரல் 9இல் பாலாற்றருகே வீரப்பன் புதைத்த வெடியில் 22 பேர் மாண்டார்கள் அல்லவா? காவலரோடு வழிகாட்டச் சென்ற காட்டுப்புறத்து ஏழைகளும் அதில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் இம்முதியவரின் தம்பி. அவர் என்னைத் திட்டவில்லை. 'ஐயா, என் தம்பியும் தமிழன்தானுங்களே?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. இன்றும் இல்லை. அன்று நான் வீட்டுக்குப் போனபின்தான், வெங்காலூர் மேடையில் பேசியவனுக்கும் எனக்கும் மொழி ஒன்றே வேறு, நாக்கு ஒன்றே என்பது விளங்கியது.

திருவள்ளுவர் சிலை எவ்வாறு திறந்தது? 1991 முதல் 18 ஆண்டு திரைபோட்டுக் கிடந்த அச்சிலை, துப்பாக்கியால் திறக்கவில்லை. 2009 ஆகத்து 9இல் இரு மாநில முதலமைச்சர்களும் ஒன்றாய் நின்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துக் கன்னடப் பாவலர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது.

ஈழத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மக்களின் விடுதலை வேட்கை நயமானது. 2009இல் முள்ளிவாய்க்காலில் அவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு இன்றும் முறையான உசாவல் இல்லை. அந்த நயத்தை நான் ஓர் இம்மியும் குறைக்கவில்லை. ஆனால் அவ்வரலாற்றில் ஒரு சொல் செய்த அழிவை நாம் கற்காவிட்டால் அத்தனை ஈகமும் வீணாகும். 'துரோகி' என்பது அச்சொல். நாம் இரண்டகன் என்போம். 1970களின் தொடக்கத்தில் யாழ்ப்பாண மேடைகளில், மாற்றுக் கட்சியில் இருந்த தமிழரை அச்சொல்லால் பேச்சாளர் பலர் சுட்டினர். 1975 சூலை 27இல் யாழ்ப்பாண மாநகரத் தலைவர் ஆல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயிலருகே சுடப்பட்டார். மேடையில் இருந்த மூத்தோர் அக்கொலையை வெளிப்படையாய்க் கண்டிக்கத் தயங்கினர். 'பையன்கள் துடிப்பானவர்கள்' என்று உள்ளூர மகிழ்ந்தோரும் உண்டு. அந்தத் தயக்கமே ஒப்புதல் ஆயிற்று. பதினான்கு ஆண்டு கழித்து, 1989 சூலை 13இல், அதே மேடைகளின் முதன்மைப் பேச்சாளராய் விளங்கிய அமிர்தலிங்கம் கொழும்பில் தம் இல்லத்தில், பேச வந்த தமிழிளைஞராலேயே சுடப்பட்டு வீழ்ந்தார். யோகேசுவரனும் உடன் மாண்டார். அவர்களைக் கொன்றோர் வாயிலும் அதே சொல்தான் இருந்தது. 1990 அக்குதோபரில் வடபுலத்தில் தமிழ் பேசும் முசுலிம் மக்கள் அனைவரும் சில நாள்களுக்குள், சில இடங்களில் சில மணிகளுக்குள், வெளியேற்றப்பட்டபோதும் அதே ஐயம்தான் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது.

1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தியோடு காவலரும் பொதுமக்களுமாய்ப் பலர் சிதறினர். 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் செய்தியாளர் அதுபற்றிக் கேட்டபோது கிடைத்த விடை 'துன்பியல் நிகழ்வு' என்பதே. தில்லியில் 'மரம் விழுந்தது' என்றார்கள்; கிளிநொச்சியில் 'துன்பியல்' என்றார்கள். இரண்டிலும் எழுவாய் இல்லை. முன்னதைக் கேட்டு நாம் சினந்தோம் என்றால் பின்னதைக் கேட்டும் நாணியிருக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு தம்பியின் முகம் சுருங்குவதை இங்கிருந்தே பார்க்கிறேன். 'ஐயா, ஒடுக்குபவனும் ஒடுக்கப்பட்டவனும் ஒன்றா? படை வைத்திருக்கும் அரசும் கையறு நிலையில் கல்லெடுத்தவனும் ஒன்றா?' என்று அவர் கேட்க நினைக்கிறார். ஒன்றல்ல தம்பி. அரசின் குற்றம் பன்மடங்கு பெரிது. ஏனெனில் காக்கும் கடமை ஏற்றவன் அவன். ஒரு கொடுமை ஏன் நிகழ்ந்தது என்று கரணியம் கூறுவதும் குற்றமன்று. கூறாவிட்டால் நோய்க்கு மருந்தே இல்லை. ஆனால் கரணியம் கூறுவது வேறு. ஞாயம் கற்பிப்பது வேறு. 'நெடுநாள் ஒடுக்குமுறையே இளைஞரைப் படைக்கலம் ஏந்தச் செய்தது' என்பது கரணியம். 'ஆகவே பேருந்தில் இருந்த குழந்தை செத்ததில் தவறில்லை' என்பது ஞாயம் கற்பித்தல். முன்னதைச் சொல்லிவிட்டுப் பின்னதற்கு வாய்திறந்து மறுப்புச் சொல்லாமல் இறங்கிவிடுகிறோமே, அந்த இடைவெளியில்தான் துண்டு விழுகிறது; விரல் பேசுகிறது.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். நாவைக் கட்டும் வேலையை அரசின் சட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2002இல் மேடையில் பேசியதற்காகவே வைகோ அவர்களும், பின்னர்ப் பழ. நெடுமாறன் அவர்களும் 'பொடா' சட்டத்தில் சிறைப்பட்டதை நாம் கண்டோம். வன்செயலைத் தூண்டும் உள்நோக்கமின்றி வெறும் சொல்லால் ஆதரவு காட்டுவது மட்டும் அச்சட்டப்படி குற்றமாகாது என்று உச்ச நயன்மன்றம் 2003 திசம்பரில் விளக்கியது. அது சரியான விளக்கம். ஆட்சியிடம் நாவின் கடிவாளத்தைக் கொடுத்தால் முதலில் இழுக்கப்படுவது எளியவன் நாவே. அதனாலேயே சொல்கிறேன்: சட்டம் கட்டக் கூடாத நாவை நாமே அளந்து பேசக் கற்க வேண்டும். உரிமை வேண்டும் என்பவனுக்கே அக்கடமை மிகுதி.

நம் மேடைகளுக்கு நான் நான்கு அளவுகோல் வைக்கிறேன். ஒன்று: கொலையைப் பற்றிப் பேசினால் எழுவாயோடு பேசுவோம், செய்தவன் நம்மவன் ஆயினும் 'செய்தான்' என்போம். இரண்டு: அரசைச் சாடும்போது அரசைச் சாடுவோம், 'கன்னடன்', 'சிங்களவன்', 'வடவன்' என்று ஒரு மக்களினத்தையே ஒரு சொல்லில் கட்டி எரிப்பாரிடம் கொடுக்க மாட்டோம். மூன்று: கருத்து மாறுபட்ட தமிழனை இரண்டகன் என்று கூறுமுன் துரையப்பாவையும் அமிர்தலிங்கத்தையும் எண்ணுவோம். நான்கு: வெங்காலூரில் நம்மவர்க்கு நிகழ்ந்தால் எதைக் கேட்போமோ, அதனையே இங்கு அயலவர்க்கு நிகழ்ந்தபோது நாமே முன்வந்து சொல்லுவோம், அடுத்த நாள் அன்று, அன்றைக்கே சொல்லுவோம்.

காலந் தாழ்ந்தாவது சொன்னவர்கள் உண்டு. 1983க்கு 21 ஆண்டு கழித்து, 2004இல், இலங்கைக் குடியரசுத் தலைவர் சந்திரிகா தமிழரிடம் பொறுத்தருள வேண்டினார். 2005 ஆகத்தில் தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் 1984க்காகத் தலைகுனிந்தார். செத்தவர் மீளவில்லை, தண்டனையும் பெரிதும் வரவில்லை. ஆயினும் 'நடந்தது தவறு' என்று ஆட்சிப் பீடம் ஒருமுறை சொல்லிவிட்டால், அதனை எதிர்விளைவு என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நிற்க இடமின்றிப் போகிறான். இரண்டு பத்தாண்டுகள் கழித்துச் சொன்னதை இரண்டாம் நாளே சொல்லியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்!

நமக்கு இது புதிய பாடமன்று. மதுரை மன்றத்தில் கண்ணகி சிலம்பை உடைத்தபோது பாண்டியன் நெடுஞ்செழியன் முன்னால் எத்தனை சாக்குகள் இருந்தன! பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன், ஊரில் களவு மிகுந்திருந்தது என்று கூடச் சொல்லியிருக்கலாம். அவன் ஒன்றையும் சொல்லவில்லை. குற்றத்தின் எழுவாயாகத் தன்னையே நிறுத்தினான். அக்கணமே உயிர் நீத்தான். தவறு செய்த அரசன்தான். ஆயினும் அந்த ஒரு சொல்லால் தமிழுள்ளவும் தலைநிமிர்ந்து நிற்கிறான். சினத்தால் ஊரையே எரித்த கண்ணகியும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கியே தீயை ஏவினாள் என்று இளங்கோவடிகள் பாடுகிறார். ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் நாம், அந்தப் பெண்ணின் சினத்தில் இருந்த எல்லையையாவது நம் சினத்தில் வைக்க வேண்டாமா?

நாளைக்கே மழை பொய்க்கலாம், காவிரி வற்றலாம், மீண்டும் எல்லையில் வண்டிகள் நிற்கலாம். அன்று இந்தச் சாலையில் கருநாடகப் பதிவெண் கொண்ட சரக்குந்து ஒன்று பழுதாகி நின்றால், அதன் ஓட்டுநருக்கு ஒரு சொம்பு நீரும் ஒருவேளைச் சோறும் கொடுங்கள். அவனைச் சூழ வரும் கும்பலுக்குக் குறுக்கே முதலில் நிற்பவன் தமிழ் மானம் பேசும் நம் இயக்கத் தம்பியாய் இருக்கட்டும். காவிரியில் நம் பங்கு நீரைக் கேட்கும் தகுதி அந்தச் சொம்பு நீரில்தான் இருக்கிறது. 'அவன் தம்பியும் மாந்தன்தானே' என்று நம்மை எந்த முதியவரும் கேட்க நேராதிருக்கட்டும்.

மேடையில் நிற்பவர் எவராயினும், நான் ஆயினும், துண்டைக் கைமேல் போட்டால் எழுந்து நின்று விலக்கச் சொல்லுங்கள். விரலைக் காட்டச் சொல்லுங்கள். அதுவே நீங்கள் தமிழுக்குச் செய்யும் தொண்டு.

வெல்க தமிழ்! வாழ்க மாந்தநேயம்!